கேளாத் தீர்ப்பு

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் திருவரங்குளத்தைத் தாண்டினால் வம்பன் வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் அங்கே உள்ளது. உளுந்துக்குப் பெரும்பகையான மஞ்சள் தேமல் நோயைத் தாங்கி நிற்கும் வகைகளைத் தேர்ந்தெடுப்பது அதன் தலையாய பணிகளுள் ஒன்று. ஒரு புதிய வகை உழவர் கைக்குப் போகுமுன் பல பருவங்களிலும் பல இடங்களிலும் விதைத்துப் பார்க்கப்படுகிறது. ஒப்புநோக்கப் பழைய வகையும் அருகிலேயே விதைக்கப்படுகிறது. ஒரு பாத்தியில் செடி பட்டுப்போனால், மண் காரணமா, நீர் காரணமா, விதையே காரணமா என்று ஆராய்வார்களே தவிர, அவ்வகையை அன்றே தூக்கி எறிய மாட்டார்கள். ஐயத்தை முறைப்படுத்திப் பயன்கொள்ளும் இந்தப் பழக்கமே பல்கலைக்கழகம் என்னும் அமைப்பின் உயிர். ஆனால் விதைக்குக் காட்டும் இப்பொறுமையை, ஒரு மாணவர்மீது முறையீடு வரும்போது பல்கலைக்கழகங்கள் காட்டுவதில்லை என்பதே என் குறை.

திருவரங்குளம் ஒன்றியத்துச் சிற்றூர்களிலிருந்து உயர்கல்விக்குப் போகும் பிள்ளைகளுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்கள். மாணவர் பேச்சில் ‘மெமோ’ என்று வழங்கும் விளக்கம் கோரும் ஆணை இத்தகைய ஒருவர் கைக்கு வந்தால், அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். என்று, எங்கே, என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டு, ‘ஒழுங்குக்கு மாறாக நடந்துகொண்டமை’ என்ற ஒற்றைத் தொடரோடு அது நின்றுவிட்டால், அதற்கு அவர் என்ன விடை எழுதுவார்? மன்னிப்புக் கடிதம்தான் எழுதுவார். செய்யாத குற்றத்துக்கும் அதையே எழுதுவார். பெற்றோரை அழைத்து வரச்சொல்வார்களே, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவார்களே என்ற அச்சம் அவரை அப்படி எழுத வைக்கும். இவ்வாறு பெற்ற ஒப்புதலை எந்த அறிவியலாரும் சான்று என்று ஏற்கமாட்டார்.

ஒருவர் சொல்வதைக் கேட்பதால் என்ன விளைகிறது என்பதையே ஆய்வுக்குரிய பொருளாக்கிய உளவியல் துறை ஒன்று உண்டு. ஜான் திபோ, லாரன்ஸ் வாக்கர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1975இல் வெளியிட்ட நூல் அதற்கு அடித்தளம் இட்டது. வழக்கின் முடிவைப் போலவே, அம்முடிவை அடைந்த முறையும் மக்கள் மனத்தில் எடைபோடப்படுகிறது என்று அவர்கள் காட்டினர். 1990இல் லிண்ட், கான்ஃபர், ஏர்லி ஆகிய மூவர் நடத்திய ஆய்வு இன்னும் நுட்பமானது. அதில் மாணவர்களுக்கு வகுப்பு அட்டவணை வகுக்கும் வேலை தரப்பட்டது. இவ்வளவு முடிக்க வேண்டும் என்ற இலக்கை ஆய்வாளர் அறுதியிட்டார். ஒரு குழுவிடம் இலக்கை அறுதியிடுமுன் கருத்துக் கேட்கப்பட்டது. இன்னொரு குழுவிடம் இலக்கு முடிவாகிவிட்டது, இனி மாறாது என்று கூறிய பின்னர் கருத்துக் கேட்கப்பட்டது. மூன்றாம் குழுவிடம் ஒன்றும் கேட்கவில்லை. முன்கூட்டிக் கேட்கப்பட்டவர்கள் அம்முறையை மிக நேர்மையானதாக மதிப்பிட்டனர், அதில் வியப்பில்லை. முடிவை மாற்ற வழியே இல்லாத நிலையில் கேட்கப்பட்டவர்களும், கேட்கப்படாதவர்களைவிட அம்முறையை நேர்மையானதாகக் கண்டனர் என்பதே வியப்பு. செவிசாய்த்தல் தன்னளவிலேயே ஒரு மதிப்பு என்பது இதனால் புலனாகிறது. (இதை அறிந்த சூழ்ச்சித் திறமுள்ள நிருவாகி ஒருவர், தண்டனையை முதலில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு உசாவல் நடத்தலாமே என்று எண்ணக்கூடும். முன்கூட்டிக் கேட்பதற்குக் கிடைத்த மதிப்பு இதைவிட மிகுதி என்பதை அவர் நினைவில் கொள்வது நன்று.) அதே 1990இல் உளவியலாளர் டாம் டைலர், சிகாகோ நகரத்தார் 1,575 பேரிடம் எடுத்த நேர்காணல்களை அடிப்படையாக்கி, மக்கள் சட்டத்துக்கு அடங்குவது தண்டனை அச்சத்தால் மட்டுமன்று, நேர்மையாக நடத்தப்படுகிறோம் என்ற உணர்வாலும் ஆகும் என்று நிறுவினார்.

நம் உச்ச நீதிமன்றம் இந்த ஆய்வுகளுக்கு முன்பே, 1962இல், கன்சியாம் தாஸ் குப்தா வழக்கில் இதே நெறியைத் தொட்டது. உத்தரப் பிரதேசத்தில் தேர்வில் முறைகேடு செய்தனர் என்று சில மாணவரின் முடிவுகளைத் தேர்வு வாரியம் நீக்கியது. அவர்களை ஒரு சொல் கேட்கவில்லை. வாழ்வையே பாதிக்கும் முடிவை எடுக்கும் வாரியம் மறுதரப்பைக் கேட்டே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றுமுதல் இது நாட்டின் சட்டம்.

முறை இருக்கட்டும், எதைத் தண்டிக்கலாம்? இங்கேதான் சொல்லையும் செயலையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவர் ஒருவர் பகடிவதைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். மறு ஆண்டே தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அங்கே கருத்துரிமை என்ற கேள்வியே எழவில்லை. உடலைத் தாக்குவதும், அச்சுறுத்துவதும், இழிவுபடுத்துவதும் நடத்தைக் குற்றங்கள். அவற்றைத் தண்டிக்கத் தயங்கும் நிறுவனம் எளியவரைக் கைவிட்டதாகும்.

மறுமுனையில் 1907ஆம் ஆண்டின் இராசமுந்திரி நிற்கிறது; அன்று அது சென்னை மாகாணத்தில் இருந்தது. விடுதலைப் போராட்டத் தலைவர் விபின் சந்திர பாலர் அங்கே வந்து உரையாற்றியபின், மாணவர்கள் ‘வந்தே மாதரம்’ என்ற பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு கல்லூரிக்கு வந்தனர். கல்லூரி முதல்வர் மார்க் ஹண்டர் அம்மாணவர்களைத் தண்டித்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காடிச்சர்ல அரிசர்வோத்தம ராவ் வெளியேற்றப்பட்டார். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து, 1965 திசம்பரில், அமெரிக்காவின் தே மொயின் நகரில் பள்ளி மாணவர் சிலர் வியத்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிச் சென்று இடைநீக்கம் பெற்றனர். 1969இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இடைநீக்கம் தவறு என்றது. பாடம் நடப்பதைக் கணிசமாகக் குலைத்தார்களா என்பதே அது வகுத்த அளவுகோல். அப்படிக் குலைந்தது, அல்லது குலையும் என்று கருதத் தக்க காரணம் இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். குலையக்கூடும் என்ற நிருவாகத்தின் வெறும் கலக்கம் சான்றாகாது. இராசமுந்திரி முதல்வரிடம் இந்த அளவுகோலை நீட்டியிருந்தால் அவர் என்ன காட்டியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

நம் காலத்துச் சான்று சென்னை ஐ.ஐ.டி. அங்கே 2014இல் தொடங்கப்பட்ட அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம், நடுவண் அரசின் கொள்கைகளையும் சாதியையும் திறனாய்ந்து துண்டறிக்கைகள் வெளியிட்டது. பெயரற்ற முறையீடு ஒன்று நடுவண் மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குச் சென்றது. அமைச்சகம் அதுகுறித்து நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. 2015 மே மாதத்தில், தரப்பட்ட சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூறும் மின்னஞ்சல் வழியாகப் படிப்பு வட்டத்தின் ஏற்பு நீக்கப்பட்டது. தங்கள் தரப்பைக் கேட்கவில்லை என்றனர் மாணவர். நிறுவனத்தின் பெயரை இசைவின்றிப் பயன்படுத்தக்கூடாது என்ற நடத்தை விதி மீறப்பட்டது என்றது நிருவாகம். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது; சூன் 7ஆம் நாள் மாணவரோடு நடந்த பேச்சுக்குப்பின் ஏற்பு மீண்டது.

நிருவாகம் சுட்டிய விதி தீய விதி அன்று. நிறுவனத்தின் பெயரை எவர் எங்கே பயன்படுத்தலாம் என்று வரையறுப்பது முறையே. ஆனால் அவ்விதி உயிர்பெற்று எழுந்த நேரத்தைப் பாருங்கள்: துண்டறிக்கையின் உள்ளடக்கத்தைப் பற்றிய முறையீடு வந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. நடத்தை விதி கருத்துக்குத் தண்டனையாக மாறுவது பெரும்பாலும் இவ்வாறுதான். இதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதே விதியை, நிருவாகத்துக்கு உவப்பான கருத்துடைய மற்றொரு மாணவர் மன்றமும் மீறியிருந்தால் அதற்கும் இதே தண்டம் விழுந்திருக்குமா? வம்பன் வயலில் பழைய வகையை அருகே விதைப்பது இத்தகைய ஒப்பீட்டுக்காகவே. சூன் 7ஆம் நாள் நடந்த பேச்சு மே மாதமே நடந்திருந்தால், அந்த மின்னஞ்சலுக்குத் தேவை இருந்திருக்காது.

இடத்தையும் நேரத்தையும் வரையறுக்கும் விதிகளும் அளவு மிகுந்தால் இவ்வாறே திரியும். தில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகம் 2023இல் கொணர்ந்த விதிகளின்படி, கல்விக் கட்டடங்களிலிருந்து 100 மீட்டருக்குள் போராடினால் 20,000 ரூபாய்வரை தண்டம் விதிக்கலாம். தேர்வுக் கூடத்தின் வாயிலில் ஒலிபெருக்கி கூடாது என்பது வேறு. கட்டடங்கள் நெருங்கி நிற்கும் வளாகத்தில் 100 மீட்டர் வட்டங்களை வரைந்தபின் எஞ்சும் நிலம் எவ்வளவு என்பது வேறு.

எதிர்ப்பாளர் கலகம் செய்வர் என்று அஞ்சிப் பேசுபவரை அடக்குவதும் நிருவாகங்களுக்கு எளிது. 1989இல் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்த் திரைப்பட வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சாக்கை ஏற்க மறுத்தது. வன்முறை எழும் என்ற மிரட்டலுக்காக அரசு கருத்துரிமையைக் கைவிட முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்றது. பல்கலைக்கழக வளாகத்துக்கு இது இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

கேட்டல் என்பதற்காக, குறுக்கு உசாவலோடு கூடிய முழு நீதிமன்றத்தைக் கல்லூரியில் நடத்த வேண்டும் என்பதில்லை. இராஞ்சி இராசேந்திரா மருத்துவக் கல்லூரியில் மாணவர் சிலர் இரவில் பெண்கள் விடுதி வளாகத்துக்குள் ஆடையின்றிப் புகுந்தனர் என்று மாணவியர் எழுத்தில் முறையிட்டனர். உசாவல் குழு மாணவியரின் வாக்குமூலத்தை அம்மாணவர் இல்லாத இடத்தில் பெற்றது. குற்றம் சாட்டப்பட்டோரின் ஒளிப்படங்களை மற்ற மாணவர் படங்களோடு கலந்துவைத்து அடையாளம் காட்டச் சொன்னது. பிறகு மாணவரை அழைத்துக் குற்றச்சாட்டைச் சொல்லி அவர்கள் விளக்கத்தைக் கேட்டது. எதிரே நிறுத்திக் குறுக்கு உசாவல் செய்ய விடவில்லை என்று மாணவர் வழக்காடினர். அப்பெண்கள் அதே வளாகத்தில், அதே தெருக்களில் தொடர்ந்து நடமாட வேண்டியவர்கள் என்பதைக் கருதி, 1973இல் உச்ச நீதிமன்றம் அம்முறையையும் தண்டனையையும் ஏற்றது.