பிட்காயின் சுரங்கமும் பழவேற்காட்டுக் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிதம்)

‘சுரங்கம்’ என்றதும் நமக்கு நெய்வேலி நினைவுக்கு வரும். சற்று மூத்தவர்களுக்குக் கோலார் தங்கவயல் நினைவுக்கு வரும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுகிறார்கள். கோலாரில் 2001இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இவ்விரண்டிலும் மண்ணுக்கடியில் ஒரு பொருள் இருந்தது. மனிதர் இறங்கி அதை எடுத்தனர். ஆனால் இன்று எங்கள் ஊர்ப் பக்கத்து இளைஞர்கள் கைப்பேசியை வைத்துக்கொண்டு ‘மைனிங்’ என்று பேசிக்கொள்ளும் சுரங்கத்தில் மண்ணும் இல்லை, கடப்பாரையும் இல்லை. அப்படியானால் எதைத்தான் தோண்டுகிறார்கள்?

இக்கேள்விக்கு விடை தேடி ஓராண்டாக நான் படித்தவற்றையும் போட்டுப் பார்த்த கணக்குகளையும் மாணவ நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆதலால் எங்கள் குப்பத்தில் புரியாத காகிதம் எது வந்தாலும், சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் முதல் வங்கிக் கடிதம் வரை, என் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேரும். பிட்காயினும் அவ்வாறே வந்தது. கொண்டு வந்தவர் என் மாமா. காசிமேட்டில் விசைப்படகு வேலைக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் ஊரில் இருந்தார். ஒரு இலட்சம் ரூபாய் கட்டினால் எங்கோ ஒரு குளிர்நாட்டில் அவர் பெயரில் ஒரு எந்திரம் ஓடும் என்றும், மாதந்தோறும் பத்தாயிரம் ரூபாய் தவறாமல் வந்துவிடும் என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். அத்தையின் சங்கிலியை அடகு வைப்பதென்று பேச்சு.

“ஏம்பா, நீ காலேஜ் படிக்கிற. இது நெசமா, பொய்யா? அத மட்டும் சொல்லு” என்றார் மாமா.

ஒரே சொல்லில் விடை கூற முடியவில்லை. ஏனெனில் அதில் இரண்டு கேள்விகள் இருந்தன. பிட்காயின் சுரங்கம் என்பது உண்மையா என்பது ஒன்று. மாமாவின் ஒரு இலட்சம் அங்கே போய்ச் சேருமா என்பது மற்றொன்று. முதற்கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

எங்கள் ஊரில் மீன் வாங்கும் வியாபாரியிடம் ஒரு நோட்டு இருக்கும். யார் எவ்வளவு மீன் போட்டார், எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். நோட்டு அவரிடம் மட்டுமே இருப்பதால் அவர் எழுதியதுதான் கணக்கு. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் 2008 அக்டோபர் 31இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஒரே நோட்டின் படியை எல்லாரும் வைத்துக்கொண்டால் என்ன என்பதே அதன் சாரம். 2009 ஜனவரி 3இல் அந்த நோட்டின் முதற்பக்கம் எழுதப்பட்டது. இப்பக்கத்தைத்தான் ‘பிளாக்’ என்கிறார்கள்.

சரி, எல்லார் கையிலும் நோட்டு இருந்தால் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு? சுரங்கத்தின் விளக்கம் முழுவதும் இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. எங்கள் ஏரியில் ‘பாடு’ என்றொரு பழைய முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை ஊரார் கூடிக் குலுக்கல் போட்டு முறைவைப்பார்கள். அங்கே ஆளுக்கொரு சீட்டுத்தான்; பணம் உள்ளவருக்கு இரண்டு சீட்டு கிடையாது. (பாட்டில் இடம் பெறாத ஊர்களும் மக்களும் ஏரியைச் சுற்றி உண்டு, அது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.) பிட்காயினிலும் நடப்பது குலுக்கலே. ஆனால் அங்கே நாட்டாரும் இல்லை, ஆளுக்கொரு சீட்டு என்ற வரம்பும் இல்லை. எத்தனை சீட்டு வேண்டுமானாலும் போடலாம்; ஒவ்வொரு சீட்டுக்கும் சிறிது மின்சாரம் செலவாகும். அவ்வளவே வேறுபாடு.

சீட்டு என்று நான் சொல்வது ஒரு கணக்கு. ‘எஸ்.எச்.ஏ.-256’ என்ற சூத்திரத்தில் எந்தச் செய்தியைப் போட்டாலும் 64 குறிகள் கொண்ட ஒரு விடை வரும். இவ்விடைக்கு ‘ஹாஷ்’ என்று பெயர். செய்தியில் ஒரு புள்ளி மாறினாலும் விடை அடியோடு மாறிவிடும். விடையை வைத்துக்கொண்டு செய்தியைக் கண்டுபிடிக்க வழியில்லை. அரைத்த மசாலாவிலிருந்து மிளகாயைத் திரும்ப எடுக்க முடியாதது போல. நோட்டின் புதிய பக்கத்தோடு ஏதாவது ஒரு எண்ணைச் சேர்த்து இச்சூத்திரத்தில் போட வேண்டும். விடையின் தொடக்கத்தில் குறிப்பிட்ட அளவு சுழியங்கள் வந்தால் வெற்றி. வராவிட்டால் எண்ணை மாற்றி மீண்டும் போட வேண்டும். இதில் அறிவுக்கு வேலையே இல்லை. கணிதப் புதிரை விடுவிப்பதாகச் செய்தித்தாள்களில் எழுதுகிறார்கள். கணிதம் படிப்பவன் என்ற முறையில் அதை நான் ஒப்பமாட்டேன். இது பகடை உருட்டுவது, வேறில்லை.

புதிதாகத் தொடங்க நினைக்கும் நண்பர் எவரும் காசு செலவழிக்கும் முன் இதைத் தாமே செய்து பார்க்கலாம். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மடிக்கணினி ஒன்றில், பைத்தான் மொழியில் பன்னிரண்டு வரி நிரல் எழுதினேன். ‘பழவேற்காடு’ என்ற சொல்லோடு 1, 2, 3 என்று எண்களைச் சேர்த்துக்கொண்டே போகும். நான்கு சுழியத்தில் தொடங்கும் விடை கிடைக்கச் சராசரியாக 65,536 முறை போட வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் கிடைத்தது. ஒவ்வொரு சுழியம் கூடும்போதும் வேலை பதினாறு மடங்காகும். ஆறு சுழியத்துக்குச் சராசரி ஏறத்தாழ 1 கோடியே 68 இலட்சம் முறை. கணினியின் விசிறி இரையத் தொடங்கிவிட்டது. ஏழாவது சுழியத்துக்கு நான் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். 2025இல் உண்மையான பிட்காயின் கேட்டது பத்தொன்பது சுழியம்!

வெற்றி பெற்றவர்க்குப் புதிய பிட்காயின்கள் பரிசாகக் கிடைக்கும். 2009இல் பக்கத்துக்கு 50. ஒவ்வொரு 2,10,000 பக்கத்துக்கும் பரிசு பாதியாகும். 2012, 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. மொத்தம் 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் போகாது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம்தான் எழுதப்படும். எந்திரங்கள் பெருகினால் பக்கங்கள் விரைவாக வந்துவிடாவோ என்று கேட்கலாம். வாரா. 2,016 பக்கங்களுக்கு ஒருமுறை, அதாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வேகத்தைப் பார்த்து நிபந்தனை தானாகக் கடினமாகிவிடும். எந்திரங்கள் விலகினால் தளரும். ஊரே திரண்டு வலை போட்டாலும் ஏரி அன்றைக்குத் தரும் மீன் அதேதான் என்பது போல.

இனிக் கணக்கு. 2025இல் உலகத்துச் சுரங்க எந்திரங்கள் எல்லாம் சேர்ந்து வினாடிக்குப் போட்ட சீட்டுகளின் எண்ணிக்கை, ஒன்றுக்குப் பின் 21 சுழியம் என்ற அளவை எட்டியது. ஒரு சாதாரண மடிக்கணினி வினாடிக்கு ஒரு கோடி சீட்டுப் போடும் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு பரிசு விழச் சராசரியாக எத்தனை ஆண்டு ஆகும்? நூற்றுத் தொண்ணூறு கோடி ஆண்டுகள். பூமியின் வயதே நானூற்று ஐம்பது கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான். 2009இல் வீட்டுக் கணினியால் முடிந்தது; பிறகு படக்காட்சி அட்டைகள் வந்தன; 2013 முதல் இந்த ஒரே வேலைக்கென்று செய்த தனிச் சில்லு எந்திரங்கள் களத்தைப் பிடித்துக்கொண்டன. படக்காட்சி அட்டையால் எடுத்துவந்த எத்தீரியமும் 2022 செப்டம்பரில் சுரங்க முறையையே கைவிட்டுவிட்டது. எனவே ‘கைப்பேசியில் பிட்காயின் சுரங்கம்’ என்று யார் சொன்னாலும் மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை.

தனிச் சில்லு எந்திரம் ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்தால்? வினாடிக்கு 110 இலட்சம் கோடி சீட்டுப் போடும் ‘ஆன்ட்மைனர் எஸ்19 புரோ’ 3,250 வாட் மின்சாரம் இழுக்கும். நாளொன்றுக்கு 78 யூனிட். இரண்டு மாத மின்கட்டணக் காலத்துக்கு 4,680 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் நூறு யூனிட் இலவசம் என்பது உண்மையே. ஆனால் ஆயிரம் யூனிட்டைத் தாண்டினால் யூனிட்டுக்குப் பதினோரு ரூபாய்க்கு மேல். ஆகக் கட்டணம் ஐம்பதாயிரத்தை ஒட்டி வரும். வரவு? உலக மொத்தத்தில் இந்த எந்திரத்தின் பங்கு ஏறத்தாழ 90 இலட்சத்தில் ஒன்று. நாளொன்றுக்கு உலகம் முழுவதும் கிடைப்பது 450 பிட்காயின். இரண்டு மாதத்தில் நமக்கு 0.003 பிட்காயின். ஒரு பிட்காயின் எழுபது இலட்சம் ரூபாய் என்று கொண்டால் இருபத்தோராயிரம் ரூபாய். வரவு இருபத்தோராயிரம், செலவு ஐம்பதாயிரம்! எந்திர விலையை இதில் சேர்க்கவே இல்லை. எங்கள் ஊர் உப்புக்காற்றில் மிதிவண்டிச் சங்கிலியே ஓராண்டு தாங்காது. இரவும் பகலும் காற்றை உறிஞ்சும் எந்திரம் என்ன ஆகும் என்பதையும் சேர்க்கவில்லை.

சட்டமும் இதற்கு உதவியாக இல்லை. 2018இல் ரிசர்வ் வங்கி இத்தொழிலுக்கு வங்கிச் சேவை கூடாதென்றது. 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. 2022இல் இவ்வகை வருமானத்துக்கு 30 விழுக்காடு வரி வந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு: சுரங்கத்துக்கான எந்திரச் செலவைக் கழித்துக்கொள்ள முடியாதென்று நாடாளுமன்றத்திலேயே அரசு கூறிவிட்டது. நட்டத்தில் ஓடினாலும் ஆதாயத்துக்கு வரி உண்டு என்று பொருள்.

இலாபம் காண்பவர் இல்லையா? உண்டு. பூட்டானில் அரசே தன் நீர்மின்சாரத்தைக் கொண்டு இத்தொழிலை நடத்துகிறது. மின்சாரம் மலிவாக உள்ளவர்க்கே இது தொழில். தனியாகப் பரிசு விழாதென்பதால் பலர் சேர்ந்து உழைத்துப் பங்கு பிரிக்கும் கூட்டுச் சுரங்கமும் 2010 முதல் உண்டு. படகுப் பங்கு, வலைப் பங்கு, ஆள் பங்கு என்று பிரிக்கும் எங்களவர்க்கு இதை விளக்கவே தேவையில்லை.

மின்சாரம் என்று சொல்லும்போது ஒன்று தோன்றுகிறது. பிட்காயின் சுரங்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,800 கோடி யூனிட் மின்சாரம் கொள்வதாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2025இல் மதிப்பிட்டனர். எங்கள் ஏரிக்குத் தெற்கே உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதலிரண்டு நிலைகள், 1,830 மெகாவாட், ஓர் ஆண்டு முழுதும் ஓயாமல் ஓடினால் கிடைப்பதைப் போல எட்டு மடங்குக்கும் மேல். அனல்மின் நிலையத்தின் சாம்பலைக் கண்ணால் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, குலுக்கல் சீட்டுக்கு இத்தனை மின்சாரமா என்று கேட்கத் தோன்றுவது இயல்பு.

இப்போது மாமாவின் இரண்டாவது கேள்வி. எந்திரத்தை நாம் காணாமல், பணம் மட்டும் கட்டும் முறைக்கு ‘கிளவுட் மைனிங்’ என்று பெயர். நம் நாட்டில் ‘கெயின் பிட்காயின்’ என்ற திட்டம் இப்பெயரில்தான் 2015 அளவில் கிளம்பியது. மாதம் 10 விழுக்காடு, பதினெட்டு மாதத்துக்கு என்பது வாக்குறுதி. நாடெங்கும் பல்லாயிரவர் பணம் இழந்தனர். அதை நடத்தியவரைப் புனே காவல்துறை 2018இல் கைது செய்தது. வழக்கு பின்னர் சி.பி.ஐ.யிடம் போயிற்று. மாமாவிடம் சொல்லப்பட்டதும் இலட்சத்துக்குப் பத்தாயிரம், அதே 10 விழுக்காடு என்பதைக் கவனிக்க.

நான் சூத்திரமெல்லாம் சொல்லவில்லை. “மாமா, ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் கஷ்டம் மாறுது. வெல தெனம் மாறுது. நாலு வருசத்துக்கு ஒருதரம் பரிசு பாதியாவுது. நெசமா மைனிங் பண்றவனுக்கே அடுத்த மாசம் எவ்ளோ வரும்னு தெரியாது. இவரு எப்படி மாசம் பத்தாயிரம்னு எழுதிக் குடுக்கிறாரு?” என்று மட்டும் கேட்டேன்.

மாமா சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “ஏரில தெனம் பத்து கிலோ எறா நிச்சயம்னு எவனாவது எழுதிக் குடுப்பானா?” என்றார்.

மறுநாள் அவர் அந்த ஆளை அழைத்து, தன் பெயரில் ஓடப்போகும் எந்திரத்தின் வேகமும் அது சேரும் கூட்டுச் சுரங்கத்தின் பெயரும் கேட்டிருக்கிறார். வந்தது ஒரு பெரிய மண்டபத்தின் புகைப்படம். அத்தையின் சங்கிலி இதுவரை அடகுக்குப் போகவில்லை. பக்கத்துத் தெருவில் இருவர் மகளிர் குழுக் கடனை எடுத்துக் கட்டிவிட்டார்கள். முதல் இரண்டு மாதப் பணம் அவர்களுக்கு வந்துமிருக்கிறது. அதைக் காட்டியே இன்னும் நால்வரை அழைக்கிறார்கள். அவர்களிடம் இக்கணக்கைச் சொல்வது மாமாவிடம் சொன்னதைப் போல எளிதாக இல்லை.

நான் எழுதிய பன்னிரண்டு வரி நிரலைச் செய்துபார்க்க விரும்பும் நண்பர்கள், மதிய இடைவேளையில் கணிதத் துறை வராந்தாவில் என்னிடம் கேட்டால் படி எடுத்துத் தருகிறேன். ஏழு சுழியத்துக்கு மேல் வைக்க வேண்டாம், கணினி சூடாகிவிடும்.