படம் பார்த்தாச்சு, புத்தகம் எதுக்கு?



இந்தக் கட்டுரையை ஒரு உண்மையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். போன பருவத்தில் புத்தக விமர்சனப் போட்டிக்குத் தமிழ் ஐயா ஆளுக்கொரு நாவலைக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது பூமணி எழுதிய ‘வெக்கை’. அதைத்தான் ‘அசுரன்’ என்று படமாக எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். ஏற்கெனவே டிவியில் இரண்டு தடவை பார்த்த படம்! புத்தகத்தைப் பையிலேயே வைத்துவிட்டு, படத்தை நினைத்து நினைத்து நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் ஐயா கூப்பிட்டார். “ஏம்மா, நாவல்ல சிவசாமின்னு ஒருத்தர் எந்தப் பக்கத்துல வர்றார்?” என்று கேட்டார். எனக்கு வாயே வரவில்லை. அந்தப் பெயர் புத்தகத்தில் கிடையவே கிடையாது. ஐயா திட்டவில்லை. போட்டிப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு, புத்தகத்தைத் திரும்ப என் கையிலேயே கொடுத்தார். “படிச்சுட்டு வா. அப்புறம் பேசுவோம்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதற்கப்புறம் படித்தேன். ‘வெக்கை’யை மட்டும் இல்லை, படமான இன்னும் சில கதைகளையும் தேடிப் படித்தேன். அப்போது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

1. வெக்கை – அசுரன்

‘வெக்கை’ 1982-இல் வந்த நாவல். பூமணி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். அந்தக் கரிசல் காட்டுப் பேச்சிலேயே எழுதியிருக்கிறார். கதை சிதம்பரம் என்கிற பதினைந்து வயதுப் பையனைப் பற்றியது. நம்ம வயசுதான்! தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரான் மேல் அவனுக்குக் கோபம். கையை மட்டும் வெட்டிவிட வேண்டும் என்று போகிறான். ஆள் செத்துப் போகிறான். அப்புறம் அப்பாவும் மகனும் எட்டு நாள் காடு, மலை, ஓடை என்று ஒளிந்து திரிகிறார்கள். கடைசியில் கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள். கதை இவ்வளவுதான்.

வெற்றிமாறன் இயக்கத்தில் ‘அசுரன்’ 2019-இல் வந்தது. படத்தில் பெரிய மாற்றம் என்னவென்றால், மகனின் கதை அப்பாவின் கதையாக ஆகிவிட்டது. அப்பா சிவசாமிக்கு ஒரு பழைய காலத்துக் கதையைச் சேர்த்திருக்கிறார்கள். பஞ்சமி நிலம், செருப்புப் போட்டு நடந்ததற்காக ஒரு பெண்ணை அவமானப்படுத்துவது, குடிசைகளைக் கொளுத்துவது எல்லாம் அந்தப் பகுதியில் வருகிறது. கொளுத்தும் காட்சியைப் பார்த்தால் 1968-இல் நடந்த கீழ்வெண்மணிக் கொடுமை ஞாபகத்துக்கு வரும். நாவலில் சாதியின் பெயரைப் பூமணி வெளிப்படையாகச் சொல்வதில்லை. படம் அதைச் சத்தமாகவே பேசுகிறது. நிலத்தைப் பிடுங்கலாம், படிப்பைப் பிடுங்க முடியாது என்று அப்பா மகனுக்குச் சொல்லும் முடிவும் படத்துக்கே உரியது. தனுஷுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது.

அப்போ எது நல்லா இருக்கு? நான் இதை எங்க அப்பாவிடம் கேட்டேன். அப்பா ஆறாம் வகுப்போடு நின்றவர். படத்தை என்னோடு சேர்ந்து பார்த்தவர். நாவலை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நான் சத்தமாக வாசித்தேன், அவர் கேட்டார். பதினோரு ராத்திரி ஆனது. முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “படத்துல அந்த ஆளு அத்தனை பேரையும் அடிக்கிறப்போ கைதட்டணும்போல இருந்துச்சு பாப்பா. இதுல ஒண்ணும் பண்ண முடியாம மகன்கூட நடந்துக்கிட்டே இருக்காரு. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.”

ஐயா என்னிடம் எதிர்பார்த்த விமர்சனம் இதுதானோ என்று அப்போது தோன்றியது. நான் நாலு பக்கம் எழுதியும் சொல்லாததை அப்பா மூன்று வரியில் சொல்லிவிட்டார்.

2. பொன்னியின் செல்வன்

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்று ஐந்து பாகம். இதைப் படமாக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆர். 1958-லேயே முயன்றார். நடக்கவில்லை. கடைசியில் மணிரத்னம் 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாக எடுத்தார். இரண்டையும் சேர்த்தால் சுமார் ஐந்தரை மணி நேரம். ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்தில் அடக்கினால் என்ன ஆகும்? பாகத்துக்கு ஒரு மணி நேரம்தான்!

அதனால் பல பேர் காணாமல் போய்விட்டார்கள். கந்தமாறனின் தங்கை மணிமேகலை படத்தில் கிடையாது. நாவலை முடிக்கும்போது நான் அழுதது அவளுக்காகத்தான். சேந்தன் அமுதன் படத்தில் வந்துவிட்டுப் போகிறான்; நாவலில் அவன் எவ்வளவு முக்கியமான ஆள் என்பது கடைசியில்தான் தெரியும் (சொல்ல மாட்டேன், படியுங்கள்). ஆதித்த கரிகாலன் எப்படி இறந்தான் என்பதைக் கல்கி புதிராகவே விட்டிருக்கிறார். படம் ஒரு பதிலைக் காட்டிவிடுகிறது.

தொடக்கமும் வேறு. படம் போர்க்களத்தில் ஆரம்பிக்கிறது. நாவல் ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில், வந்தியத்தேவன் குதிரையில் வருவதிலிருந்து ஆரம்பிக்கிறது. அந்த ஏரி இன்றைக்கு நாம் சொல்லும் வீராணம் ஏரிதான். வாரம் ஒரு தடவை வந்த கதை என்பதால் ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் “அடுத்து என்ன?” என்று தவிக்க வைக்கிறார் கல்கி. “தடிமனா இருக்கே” என்று பயப்படாதீர்கள். முதல் ஐம்பது பக்கம் தாண்டினால் புத்தகம் நம்மை விடாது.

3. படம் ஜெயிக்கிற இடம்

புத்தகம்தான் எப்போதும் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. ‘தில்லானா மோகனாம்பாள்’ கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர். நாதஸ்வரக்காரர் சண்முகசுந்தரத்துக்கும் நாட்டியக்காரி மோகனாவுக்கும் நடக்கும் போட்டிதான் கதை. ஏ.பி.நாகராஜன் 1968-இல் படமாக எடுத்தார். எழுத்தில் நாதஸ்வரத்தை எவ்வளவு வர்ணித்தாலும் காதில் விழுமா? படத்தில் சிவாஜிக்காக எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தார்கள். அந்தப் போட்டிக் காட்சியில் வரும் சத்தத்தைக் காகிதத்தால் கொடுக்க முடியாது. இதை முதலில் படமாகப் பார்த்துவிட்டு, அப்புறம் புத்தகம் படித்தால் படிக்கும்போதே நாதஸ்வரம் கேட்கும். எனக்குக் கேட்டது!

4. மாற்றியும் நன்றி சொன்னவர்

புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ குறுநாவலைப் படித்துவிட்டு ‘உதிரிப்பூக்கள்’ (1979) பார்த்தால், “இது அதுவா?” என்று கேட்பீர்கள். கதை அவ்வளவு மாறியிருக்கிறது. தாயில்லாத குழந்தைகளின் தவிப்பை எடுத்துக்கொண்டு மற்றதை இயக்குநர் மகேந்திரன் தானாகவே எழுதினார். ஆனாலும் படத்தின் தொடக்கத்தில் புதுமைப்பித்தன் பெயரைப் போட்டார். இதைப் படித்தபோது எனக்கு என் நாலு பக்கம் ஞாபகம் வந்து வெட்கமாகிவிட்டது. அவர் படித்துவிட்டு மாற்றினார், மாற்றியதை மறைக்கவில்லை. நான் படிக்காமலேயே படித்ததுபோல எழுதினேன்.

ஏன் மாற்றுகிறார்கள்?

எனக்குப் புரிந்தவரை காரணங்கள் மூன்று:

* நேரம். நாவலைப் பத்து நாள் படிக்கலாம். தியேட்டரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது.
* மனசு. ஒருவன் உள்ளுக்குள் நினைப்பதை எழுத்தாளர் ஒரு பக்கம் எழுதலாம். கேமராவுக்கு முகமும் பேச்சும்தான் தெரியும். அதனால் நினைப்பைச் சம்பவமாக மாற்ற வேண்டியிருக்கிறது.
* பார்க்கிறவர்கள். நாவலை ஒருவர் தனியாகப் படிக்கிறார். படத்தை ஊரே சேர்ந்து பார்க்கிறது. எல்லோரும் கைதட்ட ஒரு இடம் வேண்டாமா?

ஆகவே “புத்தகத்துல இருக்கிற மாதிரியே எடுத்திருக்காங்களா?” என்று மட்டும் கேட்டால் போதாது. எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், மாற்றியதால் என்ன கிடைத்தது, என்ன போனது என்று கேட்டுப் பாருங்கள். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் இரண்டையும் தெரிந்திருக்க வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை. நான் போய்ப் பார்த்துவிட்டேன்!

என் சிபாரிசு

நாவலே படித்ததில்லை என்பவர்கள் ‘சிற்றன்னை’யில் தொடங்கலாம், சின்னது. கதை வேகமாக ஓட வேண்டும் என்பவர்களுக்குப் ‘பொன்னியின் செல்வன்’. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் மலிவு விலையிலும் கிடைக்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புக்காரர்கள் ‘வெக்கை’யை விடாதீர்கள். வட்டாரப் பேச்சு முதலில் கடினமாக இருக்கும். வாய்விட்டு வாசித்தால் புரிந்துவிடும். வீட்டில் யாராவது கேட்க இருந்தால் இன்னும் நல்லது.

புதிதாக எழுதிய விமர்சனத்தை ஐயாவிடம் கொடுத்துவிட்டேன். போட்டி எப்போதோ முடிந்துவிட்டது. ஐயா படித்துவிட்டு, அப்பா சொன்ன வரிகளுக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினேன். “நான் சொன்னதுக்கா டிக் போட்டாரு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இப்போது அடுத்த புத்தகம் எது என்று அவரே கேட்கிறார்.



– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி