பெயர் யார் பெயரில்?

மும்பை தாராவியில் தோல் பை தைப்பவர்கள் நிறையப் பேர். எங்கள் இரவு வகுப்புக்கு வரும் அக்கா ஒருவரும் பை தைத்து விற்கிறார். அவருக்கு ஓர் இணையதளம் இருந்தது. இணையதளம் என்றால் போனில் தெரியும் கடை. ஒரு நாள், "தம்பி, என் கடையைக் காணோம்" என்று வந்தார்.

நான் பகலில் இணையதளம் செய்து தரும் சிறு கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே நாங்கள் மூன்று பேர்தான். கணினியில் பார்த்தோம். காரணம் தெரிந்தது.

இணையதளத்தின் பெயரை ஒரேயடியாக வாங்க முடியாது. பணம் கட்டிப் பதிய வேண்டும். ஓர் ஆண்டுக்குப் பதியலாம். 10 ஆண்டு வரையும் பதியலாம். கெடு முடிந்தால் மறுபடி கட்ட வேண்டும். கட்டாவிட்டால்? சில நாள் பொறுப்பார்கள். பிறகு அந்தப் பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

தளம் செய்தவர் அதைத் தன் பெயரிலேயே பதிந்திருந்தார். பணம் கட்டச் சொல்லும் தகவல் அவருக்கே போனது. அவரோ தொழிலை விட்டுப் போய்விட்டார். அக்காவின் பை அட்டைகளில் எல்லாம் அந்தப் பெயர்தான் அச்சாகி இருக்கிறது!

நீங்கள் தளம் செய்யக் கொடுத்தால், உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் பதியச் சொல்லுங்கள். ரசீது வாங்குங்கள். எங்கள் கடையிலும் கேளுங்கள். கோபிக்க மாட்டோம்.

பழைய பெயர் கிடைக்கவில்லை. அக்கா புதுப் பெயர் பதிந்தார். கடவுச்சொல்லை வகுப்பு நோட்டில் தானே எழுதினார். என்னிடம் காட்டவில்லை.