விளையாட ஒரு பெரியவர் வேண்டும்!

சாயங்காலம் ஐந்து மணி. உங்கள் வீட்டுப் பையன் இப்போது எங்கே இருக்கிறான்? சற்று எட்டிப் பாருங்கள். டியூஷனிலா? அல்லது கூடத்து மூலையில் கைபேசியும் கையுமாகவா? "வெளியே போய் விளையாடேண்டா!" என்று ஓர் அதட்டல் போடுகிறீர்கள். "யாரோடு விளையாடுவது?" என்று அவன் திருப்பிக் கேட்கிறான். அதற்கு உங்களிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் உங்களைத் திருப்பத்தூருக்கு அழைத்துப் போகிறேன். வாருங்கள்!

சென்னையிலிருந்து சேலம் போகும் ரயிலில் ஏறினால் ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, அடுத்தாற்போல் திருப்பத்தூர். ஒருபுறம் ஏலகிரி, மறுபுறம் ஜவ்வாது மலை. 2019-ல் தனி மாவட்டத்தின் தலைநகரான ஊர். வழி நெடுகத் தோல் பதனிடும் ஊர்கள். அங்கே தைக்கும் பூட்ஸுகள் கடல் கடந்து போகின்றன. அப்பா மட்டுமல்ல, அம்மாவும் பூட்ஸ் கம்பெனிக்குப் போகிற வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குச் சாயங்காலத்தில் துணை யார்?

திருப்பத்தூரில் 1951-ல் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கியவர்கள் சலேசிய சபையார். 'டான் பாஸ்கோ' என்ற பெயரில் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் நடத்துகிறார்களே, அவர்களேதான். 1906-ல் தஞ்சாவூரில் வந்து இறங்கியவர்கள். கல்லூரி நடத்துகிறவர்களுக்கும் குழந்தைகள் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அந்தச் சபை வளர்ந்ததே விளையாட்டு மைதானத்தில்தான்!

இத்தாலியில் 1815-ல் பிறந்தவர் ஜான் போஸ்கோ. ஏழைக் குடியானவர் மகன். இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனாரை இழந்தார். சந்தைக்கு வரும் கழைக்கூத்தாடிகளின் வித்தைகளைப் பார்த்துப் பழகி, கயிற்றின்மேல் நடந்து காட்டி, ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டுவார். 1841-ல் பாதிரியாராகி டூரின் நகரத்தில் இருந்தார். பிழைப்புத் தேடிப் பட்டணம் வந்த சிறுவர்கள் அங்கே கொத்து வேலை செய்தார்கள், புகைபோக்கி துடைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் திரிந்தார்கள். சிலர் சிறையிலும் கிடந்தார்கள். அந்தப் பையன்களைச் சேர்த்து, எழுத்தும் பிரார்த்தனையும் சொல்லிக் கொடுத்து, விளையாடவும் விட்டார் அவர். 'என்ன சத்தம்!' என்று அண்டை அயலார் முணுமுணுக்க, இடம் இடமாக அலைந்து, 1846-ல்தான் ஒரு கொட்டகை நிலைத்தது. பையன்களோடு அவரும் பந்தயம் ஓடுவார்.

1884-ல் ரோமாபுரியிலிருந்து அவர் ஒரு கடிதம் எழுதினார். தாம் கண்ட கனவை அதில் விவரித்தார். முதலில் பழைய மைதானம்; ஒரே ஓட்டமும் கும்மாளமும். பிறகு புதிய மைதானம். பையன்கள் சுவரில் சாய்ந்து சோர்ந்து நிற்கிறார்கள். காரணம்? பெரியவர்கள் அவர்களோடு ஆடுவதை விட்டுவிட்டு, ஒதுங்கி நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான்!

நம் நாட்டில் இந்த வேலைக்கு ஆள் தயாரிக்க முனைந்தவர் பக் என்ற அமெரிக்கர். 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். பாஸ்கெட்பாலும் வாலிபாலும் அமெரிக்காவில் அந்தச் சங்கத்தார் கண்டுபிடித்த ஆட்டங்கள்தாம். நாம் 'டிரில் மாஸ்டர்' என்று சொல்கிறோமே, அவரை முறையாகப் பயிற்றுவித்து அனுப்பிய இடம் அது.

ஆனால் இன்று அந்த டிரில் மாஸ்டர் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா? "பாடம் முடியவில்லை" என்று கணக்கு வாத்தியார் விளையாட்டுப் பீரியடைக் கடன் வாங்குகிறார். அந்தக் கடன் என்றைக்காவது திரும்பியதுண்டா? 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கூடத்துக்கு மைதானம் வேண்டும் என்கிறது. ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. சட்டமும் சரி, சுகாதாரமும் சரி. ஆனால் பெரியவர் ஒருவர் நிற்காத மைதானத்தில் என்ன நடக்கும்? வலுத்தவன் பந்தைப் பிடுங்கிக்கொள்வான். இளைத்தவன் வீடு திரும்புவான். பெண் குழந்தைகள் வாசற்படியோடு நின்றுவிடுவார்கள். நம்பிக்கையான ஒருவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்தால்தானே, "போய் வா அம்மா" என்று தாய் அனுப்புவாள்?

அந்த ஒருவர் ஏன் நீங்களாக இருக்கக்கூடாது? வாரத்தில் இரண்டே நாள், ஒரு மணி நேரம், உங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டுங்கள். பெரிய மைதானம் வேண்டாம். பாண்டி ஆட நாலு கோடு போதும். கிட்டிப்புள்ளுக்கு இரண்டு குச்சி போதும். சடுகுடுவுக்கு மூச்சு இருந்தால் போதும்!

என்ன, முழங்கால் வலிக்கிறதா? பரவாயில்லை, அம்பயராக நில்லுங்கள். "யாரோடு விளையாடுவது?" என்று உங்கள் பையன் இனிமேல் கேட்கமாட்டான்.