நிறுத்துவதற்குள் ஒரு காது

ஜெர்மனியில் செவிலியர் வேலைக்குப் போக மொழி படித்துக்கொண்டிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஹோரன் என்றால் கேட்பது. அதன் முன் அவுஃப் சேர்ந்து அவுஃப்ஹோரன் ஆனால், நிறுத்துவது. கேட்பதற்கும் நிறுத்துவதற்கும் என்ன உறவு? வகுப்பில் மனப்பாடம் செய்துகொள் என்கிறார்கள்."

முன்னொட்டு கழன்று வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும் விதி அவருக்குத் தெரிந்திருக்கும்; அதை விட்டுவிடுகிறேன். உறவு பழையது. இடைக்கால ஜெர்மனிலேயே இது ஊஃப்ஹோரன் என்று வழங்கியது. செய்வதை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக் கேட்பதுதான் அதன் மூலப்பொருள். என் அம்மா அம்மியில் அரைக்கும்போது வாசலில் யாராவது கூப்பிட்டால் முதலில் குழவிச் சத்தம் நிற்கும், 'யாரது?' என்ற குரல் பிறகுதான் வரும். அந்தக் கணம் முழுவதும் இந்த ஒரு வினைக்குள் இருந்தது.

நாளடைவில் கேட்பது உதிர்ந்து, கை நின்றது மட்டும் எஞ்சியது. இன்று மழை விட்டாலும் இதே வினைதான். மழைக்கு ஏது காது? எதையும் கேட்காத ஒன்று 'கேட்டு' நிற்கிறது. எனக்கு அலுக்காத விந்தை இது. இந்த வினை மறந்ததைப் பக்கத்து வினையான அவுஃப்ஹோர்ஹன் மறக்கவில்லை. அது இன்றும் சட்டென்று காதைத் தீட்டுவதையே குறிக்கிறது. 'உரியதாக இருப்பது' என்று பொருள்படும் கெஹோரனும் இதே குடும்பம்தான். ஒருவர் சொல்லைக் கேட்டு நடப்பது, அவருக்கு உரியதாக இருப்பது என விரிந்தது. பெரியவர்கள் பேச்சைக் கேள் என்னும் நமக்கு இது புரியாதா?

இப்படிப்பட்ட வரலாறுகளைத் திரட்டத்தான் தேவதைக் கதைகளால் நாம் அறிந்த கிரிம் சகோதரர்கள் 1838இல் ஜெர்மன் அகராதி வேலையைத் தொடங்கினார்கள். முதல் தொகுதி 1854இல் வந்தது. அவர்களில் 'ஏ' எழுத்தை எழுதிய யாக்கோப், 'எஃப்' எழுத்தில் இருக்கும்போதே 1863இல் இறந்தார். பிறர் தொடர்ந்து 1961இல் முடித்தார்கள். அத்தனை உழைப்பும் இன்று டிரியர் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நம் பயிற்சி வகுப்புகளோ இரண்டு பத்திச் சொற்பட்டியலைக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்கின்றன. கதை தெரிந்த சொல் மனதில் தங்கும். ஒப்பித்த சொல் தேர்வோடு போய்விடும். ஆசிரியர்கள் வாரத்துக்கு ஒரு வினையின் பிறப்பையாவது சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுவரை, வாசகியே, அந்த அகராதியை நீங்களே திறந்து பாருங்கள்.