ஹோர்ட்டன் சமவெளியில் யாருக்கு எந்தப் பாதை?

இலங்கை மலையகத்தில், நுவரெலியாவுக்குத் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது ஹோர்ட்டன் சமவெளி. புல் படர்ந்த மேடுகள். அவற்றின் மடிப்புகளில் பாசி போர்த்திய குட்டை மரக் காடுகள். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடக் கூடாது என்று 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனையை அன்றைய பிரித்தானிய ஆட்சி ஏற்றது. சுற்றுமலைகளில் தேயிலை ஏறியும் இந்த மேட்டுநிலம் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். 1988இல் இது தேசியப் பூங்கா ஆனது. 2010இல் யுனெஸ்கோ அறிவித்த உலக மரபுரிமை இடமான மத்திய மலைநாட்டில் இதுவும் சேர்ந்தது.

பூங்காவின் பரப்பு சுமார் 31 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் பழகிய மலையேறிகளுக்கும் தனித்தனி வழிகள் உண்டு. எந்த வழி யாருக்கு ஏற்றது என்பதைக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. காலடி மண்ணும் கிளம்பும் நேரமும் அதைவிட முக்கியம்.

பெரும்பாலோர் நடப்பது ‘ஃபார் இன்’ என்ற பழைய வேட்டை விடுதிக் கட்டடத்தருகே தொடங்கி அங்கேயே முடியும் வட்டப் பாதை. நீளம் சுமார் 9.5 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் மூன்று முதல் நான்கு மணி நேரம். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. ஓரளவு நடக்கப் பழகிய பள்ளிப் பிள்ளைகளும் இதை முடித்துவிடுவார்கள். சிரமம் தருவது மண்தான். மழைநீர் அரித்துப் பள்ளமாக்கிய இடங்களில் வேர்களும் கற்களும் துருத்தி நிற்கின்றன. மழை பெய்த மறுநாள் களிமண் வழுக்கும். அடிப்பாகம் தேய்ந்த செருப்போடு வருபவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் இந்தப் பாதையில் போகவே முடியாது.

இந்தப் பாதையில் முதலில் வருவது சிறிய உலக முடிவு. அடுத்து வருவது உலக முடிவு: மேட்டுநிலம் சட்டென்று அறுந்து, சுமார் 870 மீட்டர் கீழே இறங்கும் செங்குத்துப் பாறை விளிம்பு. கீழே தேயிலைத் தோட்டமும் தொழிலாளர் குடியிருப்புகளான லயன் வரிசைகளும் சிறு சிறு கோடுகளாகத் தெரியும். மலையகத் தமிழர் பல தலைமுறையாக உழைக்கும் தோட்ட நிலம் இந்த மலைகளைச் சுற்றி எங்கும் இருக்கிறது. ஆனால் விளிம்பிலிருந்து தெரியும் இந்தக் காட்சி காலையில் மட்டுமே கிடைக்கும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக் காற்று சூடாகி மேலெழும். விளிம்பை எட்டியதும் குளிர்ந்து முகிலாகிவிடும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் வருபவர்கள் பெரும்பாலும் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பார்கள். வாயில் திறக்கும் ஆறு மணிக்கே உள்ளே போய்விடுவது நல்லது.

விளிம்பில் நிற்பவர்கள் பின்னால் நகரவே கூடாது. 2015இல் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படமெடுக்கப் பின்வாங்கித் தவறி விழுந்தார். சுமார் 40 மீட்டர் கீழே ஒரு மரம் தாங்கியதால் பிழைத்தார். இராணுவத்தினர் அவரை மீட்டார்கள். அப்படி ஒரு மரம் எல்லா இடத்திலும் இருக்காது.

வட்டத்தின் மறுபாதியில் பேக்கர் நீர்வீழ்ச்சி இருக்கிறது. பெலிஹுல் ஓயா சுமார் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் இந்த இடத்துக்கு இறங்கும் வழி ஈரமும் செங்குத்தும் ஆனது. முட்டிவலி உள்ளவர்கள் உலக முடிவைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பலாம். தூரத்தில் பெரிய மிச்சம் இல்லை, ஆனால் கால்களுக்கு அது இதம். அருவிக் குளம் அழகாக இருந்தாலும் அதில் இறங்குவது ஆபத்து.

நெடுந்தூரம் நடக்க முடியாதவர்களுக்குப் பட்டிப்பொல வாயிலிலிருந்து ஃபார் இன் வரை வரும் சாலையே போதும். காலையிலும் மாலையிலும் கடமான்கள் சாலையோரப் புல்வெளியில் கூட்டமாக மேயும்; வண்டியில் இருந்தபடியே பார்க்கலாம்.

குறைந்த நேரத்தில் ஓர் உச்சியைத் தொட விரும்புவோருக்கு ஏற்றது தொட்டுபொல மலை. உயரம் 2,357 மீட்டர். நாட்டின் மூன்றாவது உயரமான சிகரம். பட்டிப்பொல வாயில் சாலையிலிருந்தே ஏறுவழி தொடங்குவதால் போய்வர இரண்டு மணி நேரம் போதும். இராவணனின் புட்பக விமானம் இறங்கிய இடம் இது என்று ஊரார் கதை சொல்வார்கள். ஏறும் வழியில் குட்டை மரங்கள் தலைக்கு மேல் கூடி நிற்கும் காட்டுத் துண்டுகள் உண்டு. குறிஞ்சி இனத்தைச் சேர்ந்த நெலுச் செடிகள் இந்த மலைக்காடுகளில் ஏறக்குறைய 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கின்றன.

பழகிய கால்களுக்கு உரியது கிரிகல்பொத்த. 2,388 மீட்டர் உயரமுள்ள இது நாட்டின் இரண்டாவது உயரமான சிகரம். போக ஏழு, வர ஏழு என்று 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு பகல் போய்விடும். சேற்று நிலம், ஓடை, ஆளுயரப் புதர், காடு என்று வழி மாறிக்கொண்டே போகும். ஆள் நடமாட்டம் குறைவு. முகில் இறங்கினால் தடம் மறைந்துவிடும். வழி தெரிந்த ஒருவர் கூட வராமல் இதில் இறங்குவது புத்திசாலித்தனம் ஆகாது. மூன்று பாதைகளில் காட்டின் தனிமையை முழுசாகத் தருவது இதுதான்.

ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். அந்த மாதங்களின் விடியலில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. கம்பளிச் சட்டையும் மழைச்சட்டையும் இரண்டுமே வேண்டும். புல்லைக் குறுக்கே மிதித்துப் புதுத் தடம் போடுவதைத் தவிர்க்க வேண்டும். இந்தக் குளிரில் மிதிபட்ட புல் மீண்டும் வளர நாளாகும், அதற்குள் மழை அந்த மண்ணைக் கரைத்துவிடும்.

பாலித்தீன் பைகளை வாயிலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்துவிடுவார்கள். உணவு வாசனைக்காக அவற்றைக் கடமான்கள் விழுங்கிவிடும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. சாப்பாட்டை வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டிக்கொண்டு வந்தால் வாயிலில் நேரம் வீணாகாது.