சக்கர நாற்காலியில் மாமல்லபுரம் சுற்றலாம்! காலை 6 மணிக்கே போய்விடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். வேன் வந்து நிற்கும். பிள்ளைகள் குதித்து ஓடுவார்கள். பெரியவர்கள் பின்னால் போவார்கள். பாட்டி மட்டும் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

"அவங்களால நடக்க முடியாதுங்க. வண்டியிலேயே இருக்கட்டும். நாங்க பார்த்துட்டு வந்து சொல்றோம்" என்பார்கள்.

பாட்டி மட்டுமா? பக்கவாதத்தில் கால் விழுந்தவர், விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர், இளம்பிள்ளை வாதம் தாக்கியவர் என்று எத்தனையோ பேர் இப்படி வீட்டிலோ, வண்டியிலோ தங்கிவிடுகிறார்கள். 2011–ம் ஆண்டு கணக்குப்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல்.

இவர்கள் மாமல்லபுரத்தைப் பார்க்கவே முடியாதா? தாராளமாகப் பார்க்கலாம்! எங்கே போகலாம், எங்கே முடியாது, நாற்காலியை எப்படித் தள்ளுவது என்று தெரிந்துகொண்டால் போதும்.

வெளியில்தான் அழகு

பெரிய கோவில்களில் சன்னதிக்குள் போனால்தான் திருப்தி. மாமல்லபுரம் அப்படி அல்ல. பல்லவர்கள் இங்கே வைத்த அழகில் பெரும்பகுதி பாறையின் வெளிப்புறத்தில் இருக்கிறது. எதிரே நின்றாலும் தெரியும். உட்கார்ந்தாலும் தெரியும்.

அதிலும் முதல் இடம் அர்ச்சுனன் தபசு. ஊருக்கு நடுவே, ரோட்டை ஒட்டியே இருக்கிறது. சுமார் 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரம் உள்ள பாறை முழுக்கச் சிற்பம். ஒற்றைக்காலில் தவம் செய்கிறவர் அர்ச்சுனன் என்கிறார்கள் சிலர். பகீரதன் என்கிறார்கள் சிலர். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை!

பாறை கிழக்கு நோக்கி இருப்பதால் காலை வெயில் நேராக விழும். ஒவ்வொரு உருவமும் எடுப்பாகத் தெரியும். பெரிய யானைக்கு முன்னால், பாறையின் கீழ்ப்பகுதியில் ஒரு பூனை தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். நிமிர்ந்து நடக்கிறவர்கள் இந்தப் போலிச் சாமியாரைக் கவனிக்காமல் போய்விடுவார்கள். நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்குச் சட்டென்று படும்.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். மாட்டில் பால் கறக்கும் சிற்பம் தூண்களின் இடைவெளியில் தெரியும். கொஞ்சம் வடக்கே வெண்ணெய் உருண்டைப் பாறை. அது நிற்கும் சரிவில் சக்கரம் ஏறாது. கீழே இருந்து பார்ப்பதுதான் நல்லது. உருண்டு வந்துவிடுமோ என்கிற பயமும் அங்கே இருந்தால்தான் வரும்!

ஐந்து ரதமும் மணலும்

அடுத்தது ஐந்து ரதம். அர்ச்சுனன் தபசிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வண்டியில் போய் இறங்குங்கள். வழியெல்லாம் உளிச் சத்தம். மாமல்லபுரம் கல் சிற்பத்துக்கு 2017–ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தியே வேலையைப் பார்க்கலாம்.

ஒவ்வொரு ரதமும் ஒரே பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கியது. திரௌபதி ரதம் குடிசை மாதிரி. தருமராஜ ரதம் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும். வேலை முழுவதும் முடியாமலே நின்றுபோனவை இவை. சுற்றி வந்து பார்த்தாலே பெரும்பகுதி பார்த்த கணக்கு.

ஆனால் சக்கரத்துக்கு முதல் எதிரி மணல். முன்சக்கரம் சிறியது. மணலில் புதைந்து நின்றுவிடும். மேலும் தள்ளினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழ நேரும்.

அதற்கு ஒரு வழி உண்டு. நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் போகும்படி பின்னோக்கி இழுக்க வேண்டும். சரிவில் இறங்கும்போதும் இதே முறைதான். நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று, பின்னோக்கி மெதுவாக இறக்குங்கள்.

இன்னொன்று. உட்கார்ந்திருப்பவரைக் கேட்காமல் நாற்காலியில் கை வைக்காதீர்கள். "தள்ளட்டுமா சார்?" என்று ஒரு வார்த்தை போதும்.

மாலையில் கடற்கரைக் கோவில்

பத்து மணிக்கு மேல் பாறையும் சூடு, தரையும் சூடு. நாற்காலியின் இரும்பும் சுடும். நிழலில் ஓய்வெடுத்துவிட்டு, நாலு மணிக்கு மேல் கடற்கரைக் கோவிலுக்குப் போகலாம். 6 மணிக்கு மூடிவிடுவார்கள்.

ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில், 8–ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது இந்தக் கோவில். இரண்டு சிவன் சன்னதி, நடுவே பள்ளிகொண்ட பெருமாள். மாமல்லபுரச் சின்னங்களை யுனெஸ்கோ 1984–ம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வாசலிலிருந்து கோவில் வரை நீளமான நடைபாதை இருக்கிறது. சன்னதிக்குப் படி ஏற வேண்டும். அது சிரமம். ஆனால் இரட்டைக் கோபுரத்தையும் மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளையும் கீழே இருந்தே பார்க்கலாம். கடல் காற்று இலவசம்!

முடியாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். குன்றின் மேல் உள்ள மகிஷாசுரமர்த்தினி மண்டபம், கலங்கரை விளக்கம் இரண்டுக்கும் பாறையும் படியும் ஏற வேண்டும். தூக்கிக்கொண்டு போகிறேன் என்று துணியாதீர்கள். வழுக்கினால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

கணக்கு ரொம்ப எளிது

ஒரு படிக்குச் சாய்தளம் எவ்வளவு நீளம் வேண்டும்? ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி. 6 அங்குலப் படிக்கு 6 அடி. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி. அதற்குக் குறைந்தால் அது சாய்தளம் இல்லை, சறுக்கு மரம்!

கழிவறைக் கதவு மூன்று அடி அகலம் வேண்டும். நாற்காலி சுமார் 26 அங்குலம் இருக்கும். சக்கரத்தைச் சுழற்றும் கைக்கும் இடம் வேண்டாமா? கழிவறை கிடைக்காது என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ஊர் சுற்றுகிறவர்கள் உண்டு. வெயிலில் இது உயிருக்கே வினையாகலாம்.

புராதனச் சின்னத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்பது நியாயம். ஆனால் கல்லைத் தொடாமல், வேண்டும்போது எடுத்துவிடக்கூடிய மரப்பாதை போடலாமே! சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27–ந்தேதி 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தார்கள். கடலே பார்க்காதவர்கள் அதில் போய் அலையைப் பார்த்தார்கள். அடுத்த மாதம் 9–ந்தேதி இரவு மாண்டஸ் புயல் இதே மாமல்லபுரம் அருகே கரை கடந்தபோது அந்தப் பாதை சேதமடைந்தது. சரிசெய்து மறுபடி திறந்துவிட்டார்கள். மெரினா மணலில் முடிந்தது மாமல்லபுரம் மணலில் முடியாதா?

சட்டம் இருக்கிறது

2016–ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டிடங்கள் எல்லாம் அவர்கள் வந்துபோகத் தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. பழைய கட்டிடங்களுக்கு 5 ஆண்டு கெடு கொடுத்தது. 2024 நவம்பர் 8–ந்தேதி சுப்ரீம் கோர்ட்டும், இது வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024 ஆகஸ்டில் சக்கர நாற்காலி ஏறும் தாழ்தளப் பஸ்களை ஓடவிட்டது. கிளம்பும் முன் உங்கள் தடத்தில் அந்த பஸ் உண்டா, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரத்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சங்கு மாலை விற்கிறீர்கள், மீன் வறுத்துக் கொடுக்கிறீர்கள். கடை வாசலில் 6 அங்குலப் படி இருந்தால் 6 அடிக்கு ஒரு கெட்டிப் பலகை போதும். காலையில் போட்டு, ராத்திரி கடைக்குள் எடுத்து வைத்துக்கொள்ளலாம். நாற்காலியில் வருகிறவர் தனியாக வர மாட்டார். பின்னாலேயே ஒரு குடும்பம் வரும். யாபாரத்துக்கும் அதுதானே நல்லது?